50 லட்சம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெருச்சாளியின் வழித்தோன்றல்

கேள்வி இதுதான்: "மனித இனம் முழுக்க அழிந்து 50 லட்சம் ஆண்டுகள் கழித்து, சென்னை இருந்த இடத்தில் வாழும் ஒரு விலங்கைக் கதைக்காக உருவாக்கி வருகிறேன். எலியிலிருந்து வந்தது. ஆள் உயரம் இருக்கும், இரண்டு காலில் நடக்கும், கோரைப்பல் உண்டு, இடிந்த கட்டடங்களுக்குள் கூட்டமாக வேட்டையாடும், ஓரளவு புத்தியும் உள்ளது. இது அறிவியலோடு ஒத்துப்போகுமா? இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும்?"

எலியை எடுத்தது நல்ல தேர்வு. மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் மாற்றிய பிறகு கிடைக்கும் விலங்கு, நீங்கள் முதலில் நினைத்ததைவிட அதிசயமாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் விலங்கியல் சொல்லித்தருகிறவன். மாணவர்களிடம் இதே பயிற்சியைக் கொடுக்கும்போது பெரும்பாலும் முதலில் உடம்பை வரைந்துவிடுகிறார்கள். கொம்பு, நகம், வால் எல்லாம் வந்த பிறகுதான் அது என்ன தின்னும் என்று யோசிக்கிறார்கள். பரிணாமம் அந்த வரிசையில் வேலை செய்வதில்லை. முன்னோரின் உடம்பு எது, எந்தப் பிழைப்பு ஆளில்லாமல் காலியாகக் கிடக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த ஒவ்வொரு தலைமுறையும் எதைத் தின்று உயிரோடு இருந்தது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பாதி வளர்ந்த இறக்கையை வைத்துக்கொண்டு ஒரு விலங்கு லட்சம் ஆண்டுகள் காத்திருக்க முடியாது. பாதி இறக்கையும் அன்றைக்கே ஏதோ ஒரு விதத்தில் உதவியிருக்க வேண்டும்.

முதலில் கட்டடங்களை விட்டுவிடுங்கள். கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இருபது முப்பது வருடத்திலேயே கூரைக் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிய ஆரம்பிக்கும். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் சில நூறு ஆண்டுகளில் சென்னையில் பெரும்பாலானவை மேடுகளாகிவிடும். 50 லட்சம் ஆண்டு என்பதோ நாம் பழக்கப்பட்ட அளவே இல்லை. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடக்கு நோக்கி நகர்கிறது. இதே வேகத்தில் போனால் அந்தக் காலத்துக்குள் 250 கி.மீ. நகர்ந்திருக்கும். கடல்மட்டமும் நிலையாக இருக்காது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இந்த ஏற்ற இறக்கம் பலமுறை திரும்ப வரும். உங்கள் விலங்கு மயிலாப்பூரின் இடிபாட்டில் நடமாட முடியாது. சோழமண்டலக் கரையில், கடலோடு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சதுப்பு நிலப் பட்டையில்தான் அது வாழும்.

அந்தச் சதுப்புக்கு ஒரு மாதிரி இன்றைக்கே இருக்கிறது: பள்ளிக்கரணை. ஒரு பக்கம் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, நடுவில் பழைய பரப்பில் ஒரு சிறு பகுதிதான் மிச்சம். 2022இல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். மிகுந்த நீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய் கோவளம் பக்கம் கடலில் சேரும். கோடையில் பெரும்பகுதி காய்ந்து வெடிக்கும். இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் உருவாக்கப்போகும் விலங்கின் குணம் முழுவதும் அந்த நான்கைந்து மாத வறட்சியிலிருந்துதான் பிறக்கிறது.

இப்போது முன்னோர். பெருச்சாளி என்று நாம் சொல்வதில் இரண்டு இனங்கள் உண்டு. சாக்கடை ஓரம் பூனையே ஒதுங்கிப்போகும் அளவுக்குத் திரிகிறதே, அது பாண்டிகோட்டா இண்டிகா. அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். அதன் தம்பி பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ், வயல் வரப்பில் வளை தோண்டுவது. முந்நூறு கிராம் சுமாருக்கு இருக்கும். (இந்த 'பாண்டிகோட்' என்ற பெயரே தெலுங்கின் 'பந்திகொக்கு'வில் இருந்து போனது. பன்றி எலி என்று பொருள். சீண்டினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி போல உறுமும் என்பதால் மிகப் பொருத்தமான பெயர்.) பெரியதை விட்டுவிட்டுச் சின்னதையே நான் எடுக்கிறேன். உடல் அளவு பரிணாமத்தில் எளிதாக மாறக்கூடிய ஒன்று. வயல் பெருச்சாளியிடம் அதைவிட அரிய ஒரு பழக்கம் இருக்கிறது: அது சேமிக்கும். அறுவடைக் காலத்தில் நெற்கதிர்களை வெட்டி இழுத்துப்போய் வளைக்குள் தனி அறையில் குவித்து வைக்கும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருளர்கள் வளையைத் தோண்டி எலியையும் பிடித்து அந்த நெல்லையும் எடுப்பது பழைய வழக்கம். ஈர மண்ணில் தோண்டத் தெரியும், நன்றாக நீந்தும், தானியம், தண்டு, நண்டு, நத்தை என்று எதையும் தின்னும், பஞ்சத்துக்குச் சேர்த்து வைக்கும். இவ்வளவும் கையில் இருந்தால் வேறு என்ன வேண்டும்?

மனிதர்கள் போன முதல் சில ஆண்டுகள் நகரத்து எலிகளுக்குத் திருவிழாவாக இருக்கும், அப்புறம் பஞ்சம். கிடங்குகளில் உள்ள அரிசி தீரும், குப்பை வருவது நிற்கும், பட்டினியான நாய்க் கூட்டங்கள் எலியைத் தேடி அலையும். நம் வீடுகளையும் குப்பையையும் நம்பியே வாழும் காக்கை பெரும் அடி வாங்கும். மனிதத் தலையில் மட்டுமே வாழும் பேன் நம்மோடே அழியும். வயல் பெருச்சாளிக்கு அப்படி ஒரே பிடிமானம் இல்லை. நெல் வயல் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கோரையும் சம்பும் மூடிய சேற்றுநிலம் ஆகிவிடும். நெல்லுக்குப் பதில் கோரைக்கிழங்கு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. கரையைக் காக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாக உடைந்து கீழே சதுப்புகள் பரவும். அந்தக் கரைகளை உடைப்பதில் பெருச்சாளி வளைக்கும் பங்கு இருக்கும். விவசாயிகளைக் கேட்டால் இன்றைக்கே சொல்வார்கள்.

சரி, எந்தப் பிழைப்பு காலி? இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். சதுப்பில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுத்தறியை அறுத்துக்கொண்ட எருமைகள் காட்டு எருமைகளாகி நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புல்லை மேயும். இலங்கையில் அப்படி ஊரை விட்டுக் காடேறிய எருமைகள் இப்போதே உண்டு. பன்றிகள் கரையோரச் சேற்றைக் கிளறிக் கிழங்கு எடுக்கும். கோரைக்கிழங்கு என்றால் பன்றிக்கு உயிர். நீலத் தாழைக்கோழி இளந்தண்டுகளைக் கடிக்கும். மீனுக்கு நீர்நாய் இருக்கிறது. காவிரியில் இருப்பவை வடக்கே பரவ யாரும் தடுக்கப்போவதில்லை. அதனால் மீன் பிடிக்கும் எலி, புல் மேயும் மாபெரும் எலி என்று எதை எழுதினாலும், அந்த வேலையை அதைவிட நன்றாகச் செய்யும் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது.

மிச்சம் இருப்பது ஆழநீரின் அடியில் புதைந்த கிழங்கு. ஆம்பல், தாமரை, சம்பு, கோரை ஆகியவற்றின் மாவுப்பொருள் எல்லாம் இடுப்பளவு நீருக்குக் கீழே சேற்றில் கிடக்கிறது. பன்றிக்கு மூக்கு எட்டாது. எருமைக்குத் தோண்டத் தெரியாது. வட அமெரிக்காவில் இந்த வேலையை மஸ்க்ராட் என்ற நீரெலி செய்கிறது, தென் அமெரிக்காவில் கோய்ப்பூ செய்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு கொறிவிலங்கு இல்லை. அப்படி ஒன்று வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பதற்குச் சாட்சியும் உண்டு: மென்மயிருக்காக வளர்க்கப்பட்ட கோய்ப்பூக்கள் பண்ணைகளிலிருந்து தப்பி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சதுப்புகளைப் பிடித்துக்கொண்டன. இங்கிலாந்தில் அவற்றை ஒழித்து முடிக்க 1989 வரை ஆனது.

என் விலங்குக்குக் கோரைச்சாளி என்று பெயர் வைக்கிறேன். கோரைப்புல்லையும் பெருச்சாளியின் கடைசிப் பாதியையும் ஒட்டிய பெயர். கோரைப்பல்லோடு இதற்குத் தொடர்பில்லை. அந்தப் பல்லைத்தான் முதலில் பிடுங்கப்போகிறேன். கொறிவிலங்குகளின் பரம்பரை கோரைப்பல்லை இழந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் வெறும் ஈறுதான். இழந்துபோன பல்லைத் திரும்பக் கொண்டுவருவதைவிட இருக்கும் முன்பல்லையே கத்தியாக மாற்றுவது எளிது. வேட்டைக்குக் கோரைப்பல் கட்டாயமும் இல்லை. தெற்கு அட்லாண்டிக்கில் கஃப் தீவு என்று ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களோடு போய்ச் சேர்ந்த சாதாரண வீட்டுச் சுண்டெலி அங்கே ஒன்றரை மடங்கு பெரிதாகி, தன்னைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல் எடையுள்ள ஆல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கிறது. இது நடந்தது இரண்டு நூற்றாண்டு அளவில்தான். வேட்டையாடும் எலிதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், அதைப் போன்ற ஒரு தனித் தீவில் வையுங்கள். நாய், காட்டுப்பூனை, உடும்பு, மலைப்பாம்பு எல்லாம் இருக்கும் ஒரு பெருநிலத்தில் புதிதாக வேட்டைக்கு வரும் எலிக்கு இடம் கிடைப்பது மிகக் கடினம்.

அடுத்து அளவு. ஆள் உயரம் ஏன் கூடாது? பாலூட்டிகளின் உடல் எவ்வளவு வேகமாகப் பெரிதாகக்கூடும் என்று புதைபடிவங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2012இல் வந்த ஓர் ஆய்வு, சுண்டெலி அளவிலிருந்து யானை அளவுக்குப் போகக் குறைந்தது 2.4 கோடி தலைமுறைகள் வேண்டும் என்றது. சிறுத்துப்போவது பத்து மடங்குக்கும் மேல் வேகமாக நடக்குமாம். டைனோசர்கள் அழிந்த பிறகு நடந்ததையும் பார்க்கலாம். அமெரிக்காவின் கொலராடோவில் கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்துப் பாறைகளில் அந்தக் கதை அடுக்கடுக்காக இருக்கிறது: அழிவுக்குத் தப்பியவை எலி அளவுப் பாலூட்டிகள், ஏழு லட்சம் ஆண்டுகளில் ஐம்பது கிலோ அளவுக்கு வந்துவிட்டன. ஆக நேரம் ஒரு தடையே இல்லை. உருகுவேயில் கிடைத்து 2008இல் விவரிக்கப்பட்ட ஜோசஃபோஆர்டிகேசியா என்ற அழிந்துபோன கொறிவிலங்கு பல நூறு கிலோ, ஒருவேளை ஒரு டன்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் அது கினிப்பன்றி, கோய்ப்பூ ஆகியவற்றின் உறவு. நம் எலிகளின் கிளை அல்ல. எலிக் கிளையை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தீமோர் தீவில் வாழ்ந்து அழிந்த ராட்சத எலி ஐந்தாறு கிலோ. இன்றைக்கு இருப்பதில் பெரியது பிலிப்பைன்ஸின் மேக எலி, இரண்டு மூன்று கிலோ. ஆஸ்திரேலியாவுக்கு எலிகள் போய்ச்சேர்ந்து ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கதைக்கு எவ்வளவு காலமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அங்கே அவை அறுபதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தன. பாலைவனத்தில் தவ்வித் தவ்வி ஓடும் எலி, குச்சிகளை அடுக்கிக் கோட்டை கட்டும் எலி, மரமேறி எலி எல்லாம் வந்தன. ஆள் உயர எலி வரவில்லை. பெரிய தாவர உண்ணிகளின் இடத்தைக் கங்காருக்கள் முன்பே பிடித்திருந்தன. இங்கே அந்த இடத்தில் எருமையும் பன்றியும் மானும் இருக்கின்றன. இதையெல்லாம் யோசித்து, கோரைச்சாளிக்கு எட்டு கிலோ கொடுக்கிறேன். நன்றாக வளர்ந்த நாட்டுநாயில் பாதி. அதுவே எலிக் கிளையில் யாரும் எட்டாத அளவு. என்னால் நியாயம் சொல்ல முடிகிற எல்லை அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியக் கூட்டத்தில் ஒருவரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டும்: ரகாலி என்னும் நீரெலி. பின்னங்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு, தண்ணீர் ஒட்டாத மயிர், பருத்த வால், மீனும் மட்டியும் நண்டும் சாப்பாடு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கரும்புத் தேரைகள் வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, விஷமுள்ள பகுதிகளை ஒதுக்கிவிட்டு இதயத்தையும் ஈரலையும் மட்டும் எடுத்துத் தின்ன அவை கற்றுக்கொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாதாரண எலி உடம்பை நீருக்கு ஏற்றதாக மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இனிக் கோரைச்சாளியின் உடம்புக்கு வருவோம். ஐரோப்பிய நீரெலிகளைப் பார்த்து அடர்ந்த மென்மயிரை வரைந்துவிடாதீர்கள். அது குளிருக்கானது. இங்கே பிரச்சினை வெயில். தென் அமெரிக்காவின் பெரிய நீர்க்கொறிவிலங்கான கேப்பிபாராவைப் போல முரட்டு மயிர், அதுவும் இடைவெளி விட்டு. பந்திகொக்கு என்ற பழைய பெயருக்கு இன்னும் நெருக்கமாகிவிடும். எலிகள் உடல் வெப்பத்தை வால் வழியாக வெளியேற்றுகின்றன. கோரைச்சாளியின் வாலும் மயிரில்லாமல், தடித்து, பக்கவாட்டில் சற்றே தட்டையாக, துடுப்பாகவும் வெப்பம் விடும் குழாயாகவும் இருக்கும். பகலில் நீரில் அமிழ்ந்து கிடக்க வேண்டும் என்பதால் கண்ணும் மூக்கும் காதும் தலையின் மேல்பக்கம் ஒரே வரிசைக்கு ஏறிவிடும். முன்னங்கால்களில் சவ்வு வராது. வந்தால் கிழங்கு தோண்ட முடியாது. பின்னங்காலில் மட்டும் சவ்வு, முன்னங்காலில் மண்வெட்டி போன்ற நகங்கள். நீருக்கடியில் கடிக்கும்போது வாய்க்குள் தண்ணீர் போகாதா என்று கேட்பீர்கள். எலிகளால் முன்பல்லுக்குப் பின்னால் உதட்டு மடிப்பைச் சேர்த்து வாயை மூடிக்கொள்ள முடியும். மண்ணைக் கடிக்கும்போது இப்போதே அதைத்தான் செய்கின்றன. நிலத்துக்கு வந்த வசதி நீருக்கும் உதவுகிறது. நடுவில் வரும் தலைமுறை எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட பதில்களைத்தான் தேட வேண்டும்.

பல்லில் நான் ரொம்ப நேரம் செலவழித்தேன். கோரையிலும் புல்லிலும் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது, சேற்றுக் கிழங்கில் உண்மையான மணலே ஒட்டியிருக்கும். சாதாரண எலியின் கடைவாய்ப்பல் வளர்வதில்லை. இதைத் தின்றால் இரண்டு வருடத்தில் தேய்ந்து, விலங்கு பட்டினியில் சாகும். பெருச்சாளியின் கடைவாய்ப்பற்களோ மற்ற எலிகளைப்போல் குமிழ் குமிழாக இல்லாமல், குறுக்குத் தகடுகளாக அடுக்கப்பட்டவை. யானைப் பல்லைச் சின்னதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தத் தகடுகள் தலைமுறைக்குத் தலைமுறை உயரமாகி, கடைசியில் வாழ்நாள் முழுவதும் வளரும் பல்லாக மாறுவது கொறிவிலங்குகளில் பல கிளைகளில் தனித்தனியாக நடந்த ஒன்று. கோரைச்சாளியிடமும் அது நடந்திருக்கும். முன்பல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். எனாமலில் இரும்பு சேர்வதால் எலிகளுக்கு இன்றைக்கே அந்த நிறம் உண்டு. நாரைச் செரிக்கப் பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை, ஒருமுறை போட்ட மெத்தென்ற புழுக்கையைத் திரும்பத் தின்று இரண்டாம் முறை சத்தெடுக்கும் பழக்கம். முயலும் கேப்பிபாராவும் செய்வதுதான்.

இப்போது கோடை. இந்த விலங்கில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது.

கோய்ப்பூவையும் மஸ்க்ராட்டையும் சோழமண்டலக் கரையில் கொண்டுவந்து விட்டால் சித்திரை தாண்டுவது கஷ்டம். அவற்றுக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் வேண்டும். இங்கே மாசியில் நீர் வடியத் தொடங்கும், வைகாசியில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். கிழங்கு இருக்கிறது, ஆனால் இறுகிய களிமண்ணுக்குள் இருக்கிறது. எல்லோருக்கும் எட்டும் இடத்துக்கும் வந்துவிடுகிறது, ஆகவே பன்றிகள் வரும். இங்கேதான் வரப்பில் நெல் சேர்த்த முன்னோரின் பழக்கம் கைகொடுக்கிறது. தை, மாசியில் நீர் குறையக் குறைய கோரைச்சாளிக் குடும்பம் ஆழமான பகுதியிலிருந்து கிழங்குகளை வெட்டிக்கொண்டுவந்து, மேட்டுக்குள் குடைந்த அறைகளில் ஈரச்சேற்றில் புதைத்து வைக்கும். ஈரம் போகாமல் இருந்தால் கிழங்கு மாதக்கணக்கில் கெடாது. எல்லாவற்றையும் தின்று தீர்க்காது. மிச்சம் ஐப்பசி மழையில் முளைக்கும். தெரியாமலே அது தன் சாப்பாட்டை நடுகிறது. எந்தக் குடும்பம் மேட்டில் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துப் புதைத்ததோ, அதன் பேரப்பிள்ளைகளுக்கு அடர்ந்த கோரைக்காடு கிடைக்கும்.

தண்ணீருக்கு? தோண்டும். சதுப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில், பகலில் உடம்பை மறைத்துக்கொள்ள, ஒரு பள்ளம். ஒரு தலைமுறை தோண்டியதை அடுத்தது ஆழமாக்கும். பல பத்தாண்டுகள் குடும்பம் குடும்பமாகத் தோண்டினால் அது கோடையிலும் வற்றாத ஊருணி ஆகிவிடும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் முதலைகள் இதைச் செய்கின்றன. வறண்ட காலத்தில் அந்தக் குழிகளில்தான் மீனும் ஆமையும் பறவையும் உயிர் பிழைக்கின்றன. கோரைச்சாளியின் குழியிலும் விரால் ஒதுங்கும், கெளுத்தி ஒதுங்கும், தவளை ஒதுங்கும். மழை வந்ததும் சதுப்பு முழுவதும் மீன் பரவுவது இந்தக் குழிகளிலிருந்துதான். அவற்றைத் தேடி நாரையும் கொக்கும் வரும். ஒரு விலங்கை எடுத்துவிட்டால் நிலப்பரப்பே மாறும் என்றால் அந்த விலங்கு கதைக்குத் தகுதியானது. நீங்கள் தேடும் பிரமிப்பை உடல் உயரத்தைவிட இந்தக் குழிகள் நன்றாகத் தரும்.

குழிக்கு வேறு சிலரும் வருவார்கள். சதுப்பு முதலைக்கும் வறட்சியில் வளை குடையும் பழக்கம் உண்டு, ஆயத்தமான குழியைக் கண்டால் விடுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. வேலிகள் ஒரு புயலில் சாயும்போது, அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வர முதலைகளுக்கு அதிக நேரம் ஆகாது. பள்ளிக்கரணையில் மறுபடியும் முதலை வாழும். ஆகவே கோரைச்சாளியின் குழிக்கு இரண்டு வழிகள் இருக்கும்: அகலமான நீர்வழி ஒன்று, தன் தோள் மட்டுமே நுழையும் ஒடுக்கமான மண்வழி ஒன்று. குழந்தைகள் இருப்பது மண்வழியின் முடிவில், நீர்மட்டத்துக்கு மேலே.

குட்டிகளின் எண்ணிக்கையும் மாறும். வயல் பெருச்சாளி மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சுமந்து, கண் திறக்காத, மயிரில்லாத ஆறேழு குட்டிகளைப் போடும். சில நேரம் பத்தைத் தாண்டும். எட்டுக் கிலோ உடம்பும் கட்டிக் காக்க ஒரு குழியும் வந்த பிறகு அத்தனை குட்டிகளை இறைத்துப் பயனில்லை. இரண்டோ மூன்றோ, நீண்ட கர்ப்பம், பிறக்கும்போதே கண் திறந்து மயிர் மூடிய குட்டிகள். எலிக் குடும்பத்திலேயே முள்மயிர்ச் சுண்டெலி என்று ஒன்று இப்படிச் செய்கிறது, 38, 39 நாள் சுமந்து. இன்னொரு மாற்றத்தைக் கோய்ப்பூவிடமிருந்து கடன் வாங்குகிறேன்: அதன் முலைக்காம்புகள் வயிற்றில் இல்லாமல் விலாவின் மேல்பக்கம் இருக்கின்றன. தாய் நீரில் மிதந்துகொண்டே குட்டிகளுக்குப் பால் கொடுக்கலாம்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. எலிகள் ஆபத்தில் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில், நம் காதுக்கு எட்டாத குரலில் எச்சரிக்கும். அந்தக் கீச்சொலி அடர்ந்த கோரைக்குள் அதிக தூரம் போகாது. தாழ்ந்த ஒலிதான் புதரைத் துளைத்துப் போகும். உறுமல் முன்னோரிடமே இருக்கிறதே, அது ஆழமாகி, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும் செய்தியாகும். அந்தி நேரத்தில் சதுப்பின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை உறுமல் தாண்டித் தாண்டிப் போவதை எழுதிப் பாருங்கள்.

புத்தி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனிதர் போனால் வேறு ஒன்று அறிவில் நம் இடத்துக்கு ஏறும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அப்படி ஓர் ஏணி கிடையாது. டைனோசர்கள் 16 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருந்தன, யாரும் நகரம் கட்டவில்லை. மூளை விலை உயர்ந்த உறுப்பு. நம் உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு ஓய்விலிருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கிழங்கு தின்று வாழும் உயிருக்கு அந்தச் செலவு தாங்காது. ஆனால் எந்த அறையில் எதைப் புதைத்தோம், போன கோடையில் எந்தக் குழி வற்றியது, எந்த உறுமல் யாருடையது என்பதெல்லாம் அதற்கு நினைவிருக்கும். மூத்த பெண் ஒன்று குடும்பத்தை நடத்துகிறது என்று வைத்தால், அவள் செத்துப்போகும் வருடம் வறட்சி வந்தால் என்ன ஆகும் என்பது ஒரு முழுக் கதை.

கடைசியாக, ஒரே ஒரு இனத்தோடு நிறுத்தாதீர்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். கடல்மட்டம் இறங்கிய ஒவ்வொரு பனிக்காலத்திலும் இந்தியாவும் இலங்கையும் தரைவழியாகச் சேர்ந்தன, ஏறியபோது பிரிந்தன. அண்மைய பத்து லட்சம் ஆண்டுகளில் இது ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. நாம் காற்றில் விட்டுச்செல்லும் கரிமம் அடுத்த பனிக்காலத்தைத் தள்ளிப்போடலாம், ஆனால் 50 லட்சம் ஆண்டுகளில் பலமுறை இந்தக் கதவு திறந்து மூடும். தரைவழி திறந்தபோது நடந்துபோன கோரைச்சாளிகள் இலங்கையின் தென்மேற்கை எட்டினால் அங்கே வேறொரு உலகம்: களுத்துறை, காலி, இரத்தினபுரி பக்கம் இரண்டு பருவமழையிலும் நனைகிறது, தரை வெடிக்கும் கோடையே இல்லை. சேமிக்கத் தேவையில்லை, குழி தோண்டத் தேவையில்லை. தோண்டாத கையில் நகம் சிறுக்கும், முன்னங்காலுக்கும் சவ்வு வரலாம், குட்டி போட ஒரு பருவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக முழு நீர்விலங்காகும்.

அப்புறம் கடல் மறுபடி இறங்குகிறது. பாக் நீரிணை இருந்த இடத்தில் கோரை மூடிய சமவெளி. வடக்கிலிருந்து குழி தோண்டும் கூட்டமும் தெற்கிலிருந்து தோண்டாத கூட்டமும் அங்கே சந்திக்கின்றன. எலிகள் துணையை முக்கியமாக மணத்தால் அடையாளம் காண்கின்றன. சில லட்சம் ஆண்டுப் பிரிவில் மணம் மாறியிருக்கும். ஐரோப்பாவில் வீட்டுச் சுண்டெலியின் இரண்டு துணையினங்கள் சந்திக்கும் ஒரு நீண்ட எல்லைக்கோடு இன்றும் இருக்கிறது. அங்கே கலந்து பிறக்கும் ஆண்களில் பலவற்றுக்கு இனப்பெருக்கத் திறன் குறைவு. பாக் சமவெளியிலும் அப்படி ஒரு கோடு உருவாகும் என்று நினைக்கிறேன். முதல் சில ஆண்டுகள் மழை நன்றாக இருந்தால் தெற்குக் கூட்டம் பெருகும். பிறகு ஒரு நீண்ட கோடை வரும். தெற்குக் கூட்டம் தண்ணீர் தேடி வடக்குக் கூட்டத்தின் குழிகளுக்கு வரும். குழிக்குள் அவற்றை விடுவார்களா என்பதை நீங்கள் எழுதுங்கள். தெற்கு இனத்தை வரையும்போது வாலை மட்டும் இன்னும் அகலமாகப் போடுங்கள், அது நீந்தியே வாழ்வது.